வெனிஸில் மீன் ஆர்டர் சொல்லும் முன் எடையைக் கேளுங்கள்

போன மே மாதம் அப்பா, அம்மாவை வெனிஸுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஊரிலிருந்து வந்த அவர்கள் இருவர், நான், மனைவி, ஒன்பது வயது மகன் என்று ஐந்து பேர். ஒரே ஒரு மதியச் சாப்பாட்டுக்கு 244 யூரோ கொடுத்தோம். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். இருபது வருஷத்துக்கு மேல் அசைவம் தொடாத அம்மாவின் வாயில் மீன் போனதுதான் இன்னும் மனசு ஆறவில்லை. கோடை விடுமுறைக்கு இத்தாலி போகிறவர்கள், அதிலும் வீட்டில் சைவம் சாப்பிடும் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

தம்பி ஒரு விபத்தில் பிழைத்தபோது அம்மா திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு அசைவத்தை விட்டார். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாளே கிடையாது. நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். அப்பா நாற்பது வருஷமாக மார்க்கெட்டில் தானே பார்த்து மீன் வாங்குகிறவர். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் இருப்பது மியூனிக்கில். அங்கிருந்து ரயிலில் ஏழு மணி நேரம். வெனிஸை ஒட்டிக் கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்திருந்தோம். அங்கிருந்து வெனிஸ் சாந்தா லூச்சியா ஸ்டேஷனுக்கு ரயிலில் பத்து நிமிஷம்தான். போய்ச் சேர்ந்து, சான் மார்க்கோ சதுக்கம், தேவாலய வரிசை எல்லாம் முடிந்தபோது மணி மூன்று ஆகிவிட்டது. மகன் பசியில் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

இத்தாலியில் நல்ல சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மதியம் இரண்டரை மணியோடு அடுப்பை அணைத்துவிடும். இரவு ஏழு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் திறந்திருப்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடப்பவை. வாசலில் ஆள் நின்று கூப்பிடுவார், மெனு ஆறு மொழியில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் படம் இருக்கும். ரியால்தோ பாலத்துக்கும் சான் மார்க்கோவுக்கும் நடுவில் உள்ள சந்துகளில் இப்படி நிறைய. அதில் ஒன்றில்தான் போய் உட்கார்ந்தோம். மகனுக்கு மட்டும் ஒரு பீட்சா துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் பொறுத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

சர்வர் ஒரு தட்டில் முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார். பிரன்சீனோ என்றார். பார்க்க நம் ஊர் கொடுவா சாயல். "இன்று காலையில் பிடித்தது, மூன்று பேருக்குச் சரியாக இருக்கும், நல்ல விலை" என்றார். அப்பா செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார், சர்வர் தூக்கிக் காட்டினார், செவுள் நல்ல சிவப்பு. மீன் புதுசுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். மெனுவில் பார்த்தேன். 8.50 என்று போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் எத்தோ என்று இருந்தது. ஆளுக்கு 8.50 என்று எடுத்துக்கொண்டேன். மூன்று பேருக்கு 25.50, சரி என்று தலையாட்டினேன்.

எத்தோ என்றால் நூறு கிராம். முழு மீனை இப்படி நூறு கிராம் கணக்கில் விற்பது இத்தாலி முழுக்க உள்ள வழக்கம், சட்டப்படி தப்பில்லை. அதுவும் சமைத்த பிறகு உள்ள எடை கிடையாது, தலை, வால், முள் சேர்த்துப் பச்சை மீனின் எடை. நல்ல கடையில் அடுப்புக்குக் கொண்டுபோகும் முன்னாலேயே நிறுத்து, இவ்வளவு எடை, இவ்வளவு ஆகும், சம்மதமா என்று கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. எங்களுக்குக் காட்டிய மீன் உள்ளே போனது, அவ்வளவுதான்.

அடுத்து அம்மாவின் தட்டு. நான் சர்வரிடம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன்: அம்மா வெஜிடேரியன், இறைச்சி சாப்பிட மாட்டார். அவர் உடனே "பிகோலி இன் சால்சா" என்று ஒரு ஐட்டத்தைக் காட்டினார். "நோ கார்னே, நோ கார்னே, வெங்காயம் மட்டும்" என்றார். கார்னே என்றால் இறைச்சி. வந்த தட்டில் தடிமனான நூடுல்ஸ் மாதிரி பாஸ்தா, மேலே பழுப்பு நிறத்தில் குழைந்த வெங்காயம். பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தது.

அம்மா மூன்று வாய் சாப்பிட்டார். அப்புறம் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து மெதுவாக, "இது என்ன வாடைன்னு பாருங்களேன்" என்றார். வெளிநாட்டுச் சீஸ் வாடை இப்படித்தான் இருக்கும்போல என்று முதலில் நினைத்தாராம். அப்பா ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "நெத்திலி" என்றார். "உப்புல ஊறின நெத்திலி."

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வெளியே போய்க் கால்வாய் ஓரம் நின்றுகொண்டார். என் மனைவி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். நான் போய் நின்றதும், "விடுய்யா, தெரியாமத்தானே" என்றார். அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தோளைக் குலுக்கினார். "பேஷே, நோ கார்னே" என்றார். மீன்தானே, இறைச்சி இல்லையே என்கிறார். அதைப் பிறகு விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. கத்தோலிக்கர்கள் இறைச்சி தவிர்க்கும் விரத நாட்களில் மீன் சாப்பிடலாம். பிகோலி இன் சால்சாவே அப்படிப்பட்ட விரத நாட்களுக்காக வெனிஸில் வந்த சமையல்: வெங்காயத்தில் உப்பு நெத்திலியையோ மத்தியையோ கரைய விட்டுச் செய்வது. ஆகவே அங்கே "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீன் வரலாம். ஆனால் வெஜிடேரியன் என்ற சொல் தினமும் ஆயிரம் பயணிகளுக்குப் பரிமாறுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது. "வெங்காயம் மட்டும்" என்று அவர் சொன்னது பொய். அந்தத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

பில் முதலில் கையால் எழுதின ஒரு துண்டுச் சீட்டாக வந்தது. 244 யூரோ 16 சென்ட். மீன் மட்டும் 119. அதாவது 1,400 கிராம் என்று கணக்கு. பிகோலி 19, மகனின் தக்காளி ஸ்பகெட்டி 16, இரண்டு கோலா 14, இரண்டு தண்ணீர் பாட்டில் 12. நாங்கள் கேட்காமலே மீனுக்குத் துணையாக வைத்த உருளைக்கிழங்கும் கீரையும் 18. கோப்பெர்த்தோ ஆளுக்கு 4 வீதம் 20. அது ரொட்டி, மேஜை விரிப்பு வகையில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது, இத்தாலியில் சாதாரணம். அதற்கு மேல் 12 சதவீதம் சர்வீஸ், இது மெனுவின் கடைசிப் பக்கத்தில் அடியில் இருந்தது.

அப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார். "அந்த மீன் ஒரு கிலோ வராது" என்றார். "முள்ளு இங்கதானே கிடக்கு, தலையைப் பாரு." நிறுத்துக் காட்டச் சொன்னேன், வெந்த பிறகு எப்படி நிறுப்பது என்றார்கள். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ரொக்கமாகக் கொடுங்கள் என்றார்கள். ரொக்கம் இல்லை என்று சொன்னதும் இரண்டு நிமிஷத்தில் வேறொரு மெஷின் வந்தது. கார்டு வாங்க மறுத்தால் கடைக்கு அபராதம் என்பது 2022 ஜூன் 30 முதல் அங்கே சட்டம், அதனால் இந்த இடத்தில் யாரும் பயப்பட வேண்டாம். "ஸ்கொந்த்ரீனோ" கேட்டு வாங்கினேன், அதுதான் வரிக் கணக்குக்கு உட்பட்ட முறையான ரசீது. அது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வாக்குவாதத்தை வளர்த்திருக்கலாம். வெளியில் அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார், கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. 117 என்ற எண்ணுக்கு அழைத்தால் அங்குள்ள நிதிக் காவல் துறை. ரசீது தரவில்லை என்று அங்கே சொல்லலாம். 2018 ஜனவரியில் சான் மார்க்கோ அருகே ஜப்பானிய மாணவர்கள் நான்கு பேருக்கு ஸ்டேக்கும் ஒரு தட்டு வறுத்த மீனும் கொடுத்துவிட்டு 1,100 யூரோவுக்கு மேல் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் போலோன்யா நகருக்குத் திரும்பிய பிறகு போலீஸில் புகார் கொடுத்தார்கள், அதிகாரிகள் கடையைச் சோதனை போட்டு அபராதம் விதித்தார்கள். அதனால் ஊரைவிட்டு வந்த பிறகும் ரசீது பயன்படும், பத்திரமாக வையுங்கள்.

முழு மீன் வாங்குவதாக இருந்தால் "குவாந்தோ பேஸா?" என்று கேளுங்கள். எவ்வளவு எடை என்று அர்த்தம். தராசில் வைத்துக் காட்டி, மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரும் வரை மீனை உள்ளே அனுப்பாதீர்கள். சைவக்காரர்களுக்கு "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா அச்சூகே": இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், நெத்திலி இல்லாமல். மூன்றையும் சொல்ல வேண்டும். நெத்திலியைத் தனியாகச் சொல்லாவிட்டால் மசாலா மாதிரி நினைத்துப் போட்டுவிடுவார்கள். ரிசோத்தோ என்னும் அரிசிச் சாப்பாட்டில் வெறும் காய்கறி என்று சொன்னாலும் அதை வேக வைத்த சாறு இறைச்சியிலோ மீனிலோ எடுத்ததாக இருக்கலாம். பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னட் உண்டு, அதையும் தவிர்ப்பவர்கள் சொல்லிவிடுங்கள். மாரினாரா பீட்சா என்று பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெயரில்தான் கடல் இருக்கிறது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸ்கூடக் கிடையாது. அதற்குப் பிறகு அம்மா வெளியில் நம்பிச் சாப்பிட்டது அதைத்தான்.

எங்கே சாப்பிடுவது என்று கேட்பீர்கள். கன்னரேஜியோ பகுதியில் மிசெரிகோர்தியா, ஓர்மெசீனி என்று கால்வாய்க் கரைத் தெருக்கள் இருக்கின்றன. அங்கே பாகரோ என்னும் சின்னக் கடைகளில் சிக்கெத்தி விற்பார்கள், ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்த சிறு பலகாரம். கண்ணாடிப் பெட்டியில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும், விலையும் எழுதியிருக்கும், விரலால் காட்டி வாங்கலாம், நின்றே சாப்பிடலாம். எனக்கும் அப்பாவுக்கும் மத்தியை வறுத்து வெங்காயம், வினிகர், உலர்ந்த திராட்சை போட்டு ஊற வைத்த சார்தே இன் சாவோர் ரொம்பப் பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு சாந்தா மார்கெரீத்தா திடலில் பீட்சா துண்டுகள் கிடைக்கும், மாணவர்கள் கூடும் இடம். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, தெருக் குழாய்களில் வருவது நல்ல குடிநீர்.

மறுநாள் காலை அப்பா ரியால்தோ மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஞாயிறும் திங்களும் கிடையாது, மற்ற நாட்களில் காலையில் போனால் பார்க்கலாம். எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் விற்கக் கூடாது என்று செதுக்கிய பழைய கல் பலகை ஒன்று அங்கே சுவரில் இருக்கிறது. மகனிடம் படிக்கச் சொல்லி அப்பா ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கடைமுன் நின்று, ஐஸில் கிடந்த பிரன்சீனோக்களை இரண்டு மூன்று தடவை பார்த்து, ஒன்றைக் காட்டினார். "நேத்து வந்தது இந்த அளவுதான்." கடைக்காரர் தராசில் வைத்தார். 880 கிராம். கிலோ விலை பெரிய எழுத்தில் எழுதிக் குத்தி வைத்திருந்தது, கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்த மீனையே வாங்கினோம். அன்று இரவு மெஸ்த்ரே வீட்டில், கையோடு கொண்டுவந்திருந்த மிளகாய்த் தூளைப் போட்டு மனைவி குழம்பு வைத்தாள். அத்தைக்கு முதலில் தனிப் பாத்திரத்தில் ரசமும் சாதமும் செய்து எடுத்து வைத்துவிட்டுத்தான் மீனைக் கழுவினாள். அம்மா அன்று பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார், ரசத்தை மட்டும் குடித்தார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் திருச்செந்தூர் போய்விட்டு வந்ததாகப் போனில் சொன்னார்.