கிழிப்பதா, முட்டுக்கொடுப்பதா?

மார்பைப் பிளக்காமல், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனியின் வால்வை வடிகுழாய் வழியாக மாற்றும் சிகிச்சையை 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் இதய மருத்துவர் அலன் கிரிபியே முதன்முதலில் மனிதருக்குச் செய்தார். இதில் பழைய வால்வை யாரும் வெட்டி எடுப்பதில்லை. புது வால்வு விரிகையில் பழைய இதழ்கள் சுவரோரம் ஒதுங்குகின்றன. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி குழாய்களின் வாயும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஒதுங்கிய இதழ் அதை அடைத்துவிட்டால் அடுத்த சில நிமிடங்களிலேயே இதயம் தள்ளாடத் தொடங்கும்.

இயற்கையான வால்வில் இது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. முன்பு அறுவை சிகிச்சையில் பொருத்திய திசு வால்வுக்குள் இன்னொன்றை வைக்கும்போது ஆபத்து 2 முதல் 3 சதவீதம் வரை ஏறுகிறது. அடைத்துக்கொண்டாலோ, பத்தில் நான்கைந்து பேர் ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை. சி.டி. படத்தில் புது வால்வுக்கும் கரோனரி வாய்க்கும் இடைவெளி 4 மி.மீ.க்குள் வரும் என்று தெரிந்தால், முன்னேற்பாடு இல்லாமல் இறங்கக் கூடாது.

முதல் வழி, முட்டுக்கொடுப்பது. வால்வை விரிக்கும் முன்பே கரோனரிக்குள் கம்பியும், ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் வலைக்குழலான ஸ்டென்டும் விரிக்காமல் தயாராக நிற்கும். அடைப்பு வந்தால் ஸ்டென்டைச் சற்று வெளியே இழுத்து, புகைபோக்கிபோல் மகாதமனிக்குள் நீட்டி விரிப்பார்கள். அடைப்பு வராவிட்டால் எல்லாவற்றையும் உருவிவிடலாம். ஆஞ்சியோபிளாஸ்டி தெரிந்த எந்தக் குழுவுக்கும் இது கைவந்த வேலை. ஆனால் ஒதுங்கிய இதழுக்கும் மகாதமனிச் சுவருக்கும் நடுவே அந்த ஸ்டென்ட் நசுங்கிக் கிடக்கலாம். அதில் ரத்தம் உறையலாம். பின்னாளில் அதே கரோனரியில் அடைப்பு வந்தால் வடிகுழாயை உள்ளே நுழைப்பதும் பெரும்பாடு.

இரண்டாவது, இதழையே கிழிப்பது. பெயர் பசிலிகா. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை வளைத்து நெளித்துத் தேவாலயப் பெயரை வரவழைத்திருக்கிறார்கள். மின்சாரம் பாய்ச்சிய மெல்லிய கம்பியால் இதழின் அடியில் துளையிட்டு, மறுபக்கம் சுருக்குப் போட்டுப் பிடித்து, மறுபடி மின்சாரம் கொடுத்து இழுத்தால் இதழ் நெடுக்காகக் கிழியும். புது வால்வு விரியும்போது கிழிசல் திரைபோல் விலகி, கரோனரிக்கு நேராக வழி திறக்கும். 30 பேரிடம் நடந்த முதல் சோதனையில் ஒருவருக்கும் கரோனரி அடைக்கவில்லை. ஆனால் மூவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒருவருக்கு அது முடக்கும் அளவு கடுமை. கிழித்ததற்கும் புது வால்வு விரிவதற்கும் இடையே ரத்தம் பின்னோக்கிப் பாய்வதால் கை வேகமும் வேண்டும். கெட்டியாகச் சுண்ணாம்பு படிந்த இதழில் கம்பி நுழையாமலும் போகலாம்.

என் சாய்வு கிழிப்பதன் பக்கம்தான், பழகிய குழு இருந்தால். ஸ்டென்ட் அடைப்பைச் சமாளிக்கிறது, கிழிப்பு அதன் காரணத்தையே அகற்றுகிறது. இன்னும் பத்தாண்டு வாழக்கூடியவருக்குக் கரோனரி வாசல் திறந்திருப்பது சிறிய விஷயமல்ல. மின்கம்பி வித்தை தெரியாத இடத்தில் முதல் நோயாளியாக இருப்பதைவிட ஸ்டென்டே மேல். இதழைப் பிளப்பதற்கென்றே செய்த ‘ஷார்ட்கட்’ என்ற கருவிக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருப்பதால், இந்தக் கைத்திறன் இடைவெளி குறையக்கூடும்.

வால்வு அமர்ந்திருக்கும் மகாதமனியின் தொடக்கப் பகுதியான வேரே மிகக் குறுகலாக இருந்தால் கிழித்த இதழும் விலக இடமிருக்காது. அப்படிப்பட்டவரின் உடல் தாங்குமென்றால், பழைய வால்வை வெட்டியெடுக்கும் திறந்த அறுவையைப் பற்றி வடிகுழாய் அறைக்குள் போகும் முன்பே பேசிவிட வேண்டும்.