செட்டில்மென்டா, உயிலா?

சென்னையில் சொந்த வீடு வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் உயில் என்றாலே ஒதுங்குவதற்குக் காரணம் புரொபேட். நகருக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்து ஒருவர் உயில் எழுதியிருந்தால், அதை உயர் நீதிமன்றத்தில் மெய்ப்பித்த (இதுதான் புரொபேட்) பிறகே உரிமை கோர முடியும் என்று 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு சொல்லிவந்தது. மதுரை வீட்டுக்கு மதுரையிலேயே உயில் எழுதியவருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. 2025 டிசம்பரில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். ஆனாலும், "எதுக்கு சார் உயில், செட்டில்மென்ட் போட்டுடுங்க" என்ற பேச்சு நின்றபாடில்லை. செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம்.

செலவைப் பார்த்தால் உயில்தான் மலிவு. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். பதிவுகூடக் கட்டாயமில்லை. செட்டில்மென்டைப் பதிந்தே ஆக வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1%, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000. இது 2023 ஜூலையில் ஏற்றிய கணக்கு. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு மொத்தம் 50,000. பதிலுக்கு வில்லங்கச் சான்றில் பிள்ளையின் பெயர் ஏறிவிடும், பட்டாவும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்டை, கொடுத்தவர் தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. மூத்த குடிமக்கள் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு ஒரு வழி விடுகிறது: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பார்க்காவிட்டால் தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. கையெழுத்துப் போடும் நாளில் மகனிடம் அதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது ஆயுட்கால உரிமையை வைத்துக்கொண்டு எழுதும் செட்டில்மென்ட். ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. "இன்று முதல் வீடு உனக்குச் சேர்ந்தது, என் ஆயுள்வரை நான் குடியிருந்து வாடகையும் வாங்கிக்கொள்வேன்" என்றால் அது செட்டில்மென்ட். "என் காலத்துக்குப் பின் நீ அடைந்துகொள்" என்று மட்டும் இருந்தால், மேலே என்ன தலைப்புப் போட்டிருந்தாலும் கோர்ட் அதை உயிலாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பத்திர எழுத்தர் பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றித் தருகிறாரா என்று பாருங்கள்.

எதுவுமே எழுதாமல் விட்டால்? இந்து ஆண் என்றால் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அமெரிக்காவில் இருக்கும் மகள் உட்பட.

ஒரே பிள்ளை, மனமும் உறுதி என்றால் செட்டில்மென்ட். மூன்று பிள்ளைகள், யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று இன்னும் தெரியவில்லையா? உயில் எழுதிப் பதிந்துவையுங்கள். சாட்சிக்கு மட்டும் உங்கள் வயது நண்பரைக் கூப்பிட வேண்டாம். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும்.