சில்லறையா, ஆலையா, போத்தலா, பாமாயிலா? எண்ணெயை ஈரலோடு சேர்த்து எடைபோடுதல்

ஹட்டன், நுவரெலியா உயரத்தில் தென்னை காய்ப்பதில்லை. குருநாகல், புத்தளம் பக்கமிருந்து லொறியேறி வரும் எண்ணெயைத்தான் வாங்குகிறோம். கொப்பரா எப்படிக் காய்ந்தது என்று ஒருவரும் பார்த்ததில்லை. டவுன் கடையில் கிடைப்பவை நான்கு: தகரத்திலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை எண்ணெய், ஆலையில் ஆட்டியபடியே வரும் எண்ணெய், சுத்திகரித்த போத்தல் தேங்காய் எண்ணெய், பாமாயில்.

முதலில் அஞ்ச வேண்டியது அஃப்லாடொக்சினுக்கு. கொப்பரா காய்ந்து முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் மஞ்சள்பச்சைப் பூஞ்சணம் படரும். அது உண்டாக்கும் நஞ்சு எண்ணெயோடு சேர்ந்து பிழிந்து வரும். அது ஈரல் புற்றுநோயை வரவழைக்கும் என்பதில் விஞ்ஞானிகளுக்கு ஐயமில்லை. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு. 2004இல் கென்யாவில் பூஞ்சணம் பிடித்த சோளத்திலிருந்த இதே நஞ்சால் 125 பேர் இறந்தார்கள். தாளிக்கிற சூட்டில் இந்த நஞ்சு அழியாது. 2021 மார்ச்சில், சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் இது கண்டுபிடிக்கப்பட்டு நாடே பதறியது நினைவிருக்கும்.

ஆலை எண்ணெய்க்கு நம் வீடுகளில் தனி மரியாதை. வாசனை என்று வந்தால் நானும் அதன் கட்சிதான். ஆனால் சுத்திகரிக்கும்போது சேர்க்கும் காரமும் (அல்கலி), எண்ணெயின் நிறத்தை வெளுக்கும் மண்ணும் அஃப்லாடொக்சினில் பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆலை எண்ணெய்க்கு அந்தக் காவல் இல்லை. கொப்பரா நன்றென்றால் எண்ணெயும் நன்று, கெட்டதென்றால் கேடு முழுதும் சட்டியில். கீழ்நாட்டில் சொந்தக்காரர் இருந்து, ஆலைக்குப் போகும் கொப்பராவை உடைத்துப் பார்க்க முடிந்தால் வாங்கலாம். உட்புறம் வெளுப்பாக இருக்க வேண்டும், சட்டென முறிய வேண்டும். துவண்டு வளைந்தாலோ பச்சைப் புள்ளி தெரிந்தாலோ விட்டுவிடுங்கள்.

சில்லறை எண்ணெயில் கொப்பராவும் தெரியாது, சுத்திகரித்ததா என்பதும் தெரியாது. நுவரெலியாக் குளிர் மட்டும் ஒரு துப்புத் தரும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். விடிகாலையில் போத்தல் முழுதும் வெள்ளைக் கட்டியாக இல்லாமல் மேலே மஞ்சளாகத் திரவம் நின்றால், பாமாயில் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கலப்படத்துக்கு அது சோதனை, நஞ்சுக்கு அல்ல. அழகாக உறைந்த எண்ணெயிலும் அஃப்லாடொக்சின் இருக்கலாம்.

சுத்திகரிப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வாசனை நீக்க 200 பாகைக்கு மேல் சூடாக்கும்போது 3-எம்.சி.பி.டி. எஸ்டர்கள் என்ற இரசாயனங்கள் உருவாகின்றன. எலிகளில் இவை சிறுநீரகத்தைக் கெடுத்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையின் 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பாமாயிலில்தான் மிக அதிகம். தேங்காய் எண்ணெயில் அதைவிடக் குறைவு. இதைப் படித்ததும் அநுராதபுரம், பொலன்னறுவைச் சிறுநீரக நோயை எண்ணெயின் தலையில் கட்டிவிட வேண்டாம். அங்கே நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய இரசாயனம், வெயில் என்று வேறு வாதங்கள் ஓடுகின்றன.

ஆக ஒரு பக்கம் மனிதரிடமே நிறுவப்பட்ட ஈரல் கேடு, மறுபக்கம் எலியில் கண்ட சிறுநீரகக் கேடு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச் சான்று) முத்திரையும் தொகுதி எண்ணும் உள்ள போத்தல் தேங்காய் எண்ணெய்க்கே முதலிடம். கொப்பராவைக் கண்ட ஆலை எண்ணெய் இரண்டாவது. பாமாயில் எப்போதாவது பொரிக்க மட்டும். சில்லறை கடைசி. காற்போத்தல்தான் கட்டுப்படியாகும் என்கிற வீடுகள் லயத்தில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து பெரிய போத்தலாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். போத்தலின் லேபலை மட்டும் யாராவது ஒருவர் பத்திரமாக வைத்திருங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிட அந்தத் தொகுதி எண் தேவைப்படும்.