பைப்சா: ஆறு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுதேன்

பைப்சான்னா (PyPSA) கரண்ட் கிரிட்ட கம்ப்யூட்டர்ல மாடலாக் கட்டி கணக்குப் போடுத சாஃப்ட்வேர். நான் பணகுடி பக்கம் கரண்ட் எடுக்க காத்தாடி பராமரிப்பு வேலைல இருக்கேன். கோடிங் என் தொழில் கெடயாது, கம்ப்யூட்டர் படிச்சவங்க எழுதுத ரிவ்யூ மாதிரி இது இருக்காது.

ரெண்டு வருசம் முன்ன ஒரு கன்சல்டிங் கம்பெனிகிட்ட ரிப்போர்ட் வாங்குனோம். ஆடிக் காத்து பேயா அடிக்கையில கிரிட்ல இடம் இல்லன்னு மெஷின நிறுத்தச் சொல்லுவாங்கல்லா, அந்த பேக்டவுன் இனிமே எவ்வளவு இருக்கும்னு கணக்கு. நாப்பது பக்கம், கலர் கலரா படம். எந்த வருச காத்து டேட்டா எடுத்திய, எந்த லைனுக்கு எவ்வளவு கெப்பாசிட்டி போட்டியன்னு கேட்டா அது எங்க கம்பெனி சொத்து, காட்ட முடியாதுன்னுட்டாங்க. காசு குடுத்தது நாங்க, சரி பாக்க வழியில்ல.

அந்த ஆத்திரத்துல தேடிப் புடிச்சதுதான் பைப்சா. ஃபிராங்க்ஃபர்ட்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல ஆரம்பிச்சது, இப்ப பெர்லின் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி ஆளுங்க பாத்துக்கிடுதாங்க. பைத்தான்ங்க கம்ப்யூட்டர் மொழில எழுதுனது, எம்ஐடி லைசென்ஸ், அதாவது யாரும் எடுத்து மாத்திக்கிடலாம், பைசா செலவில்ல. எந்த நாட்டுக்கும் கிரிட் மாடல் கட்ட அது மேல பைப்சா-எர்த்னு ஒண்ணு இருக்கு, நான் ஓட்டுனது அதத்தான்.

அதுல கரண்ட் லைன் எல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்க, யாரும் சேத்துத் திருத்தக்கூடிய இலவச மேப்ல இருந்து வருது. எங்க பக்கம் ஒரு 110 கேவி லைன் மேப்ல பாதில நின்னுச்சு, மாடல்லயும் பாதிதான். ஒரு ஞாயித்துக்கிழம பைக்க எடுத்துட்டு டவர் டவரா போயி போனுல குறிச்சு, ராத்திரி உக்காந்து மேப்ல சேத்தேன், அப்புறம் டேட்டாவ புதுசா எறக்கி ஓட்டுனா அந்த லைன் மாடலுக்குள்ள முழுசா வந்து நிக்கி. அந்த சந்தோசத்த என்னன்னு சொல்ல.

கொறையும் இருக்கு. காத்து கணக்க ஈஆர்ஏ5ங்க (ERA5) உலக வானிலை டேட்டால இருந்து எடுக்கு, அதுல ஒரு கட்டம் ஏறக்கொறைய 30 கிலோமீட்டர். மலையும் கணவாயும் ஒண்ணாக் கலந்துருது, ஆரல்வாய்மொழி கணவாய்ல பிதுங்கிட்டு வார காத்து சராசரில கரைஞ்சு போவுது. எங்க லாக் புக்கோட ஜூலை மாசத்த ஒப்பிட்டா மாடல் ரொம்பக் கம்மியாக் காட்டுச்சு. ஆனா ஏன் கம்மின்னு உள்ள போயிப் பாக்க முடிஞ்சுது, 250 மீட்டர் கட்டத்துல இருக்க குளோபல் விண்ட் அட்லஸ்ங்க காத்து மேப்ப வச்சு திருத்திக்கிட்டேன். அந்த நாப்பது பக்க ரிப்போர்ட்ல இதே தப்பு இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது.

கரண்ட் தேவைய ஜனத்தொகையும் பொருளாதாரமும் வச்சு ஊர் ஊராப் பிரிக்கு. தாழையூத்து சிமெண்ட் ஆலை இழுக்க கரண்ட் அதுக்கு எப்படித் தெரியும்? இத பைப்சா தலைல கட்ட முடியாது. மாநிலம் வாரியா தினசரி கணக்கு வெளிய வருது, சப்ஸ்டேஷன் வாரியா மணிக்கணக்கு தேடித் தேடிப் பாத்தேன், எனக்குக் கெடைக்கல. கயத்தாறு 400 கேவி சப்ஸ்டேஷன்ல மணிக்கு மணி எவ்வளவு ஏறுது எறங்குதுன்னு ஒரு எக்செல் போட்டாக்கூட காத்தாடி ஓனரும் காலேஜ் பிள்ளைகளும் கரண்ட் ஆபீசும் ஒரே நம்பர வச்சுப் பேசலாம்லா. கூடங்குளம், காத்தாடி, சோலார்னு ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்க சீமை இது, அதோட கணக்கு நம்ம கைக்கு வரணும்னு கேக்கது பெரிய ஆசையா?

8 ஜிபி லேப்டாப்ல இந்தியா முழுசா ஓட்டாதிய, தொங்கிரும். நோடு, அதாவது மாடல்ல லைன் வந்து சேருத புள்ளி, அதோட எண்ணிக்கைய கொறச்சு, மொதல்ல ஒரு வாரத்துக்கு மட்டும் ஓட்டிப் பாருங்க. கணக்க தீத்துக் குடுக்க சால்வர் சாஃப்ட்வேருக்கு ஹைஸ் (HiGHS) போதும், அதுவும் இலவசம். இன்ஸ்டால் பண்ணவே எனக்கு மூணு நாள், கடைசில தங்கச்சி மவன் வந்துதான் முடிச்சான்.

5க்கு 4. திருத்துன ஃபைல் வேணும்னா கேளுங்க, ஓனர் அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன், எங்க மெஷினோட ஜூலை லாக்கையும் சேத்தே அனுப்புதேன்.