விம்மா, விஎஸ் கோடா?

நிரல் எழுதுபவரின் மேசையில் திரை மாறும், விசைப்பலகை மாறும், மடிக்கணினியும் சில ஆண்டுகளில் மாறிவிடும். நிரலை எழுதவும் திருத்தவும் பயன்படும் மென்பொருளான எடிட்டர் மட்டும் லேசில் மாறாது. விரல்கள் அதற்குப் பழகிப்போகின்றன. இன்று பலரும் தயங்கி நிற்பது இரண்டுக்கும் நடுவில்தான்: ஒரு பக்கம் விம்மும் அதிலிருந்து 2014-ல் கிளைத்த நியோவிம்மும், மறுபக்கம் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட். நான் நியோவிம் பக்கம் நிற்பவன். ஆனாலும் கேட்கிற எல்லோருக்கும் அதையே பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் ஒரு பழைய வாதத்தை ஒதுக்கிவிடலாம். நிரலைப் புரிந்துகொண்டு உதவும் திறன் விம்முக்குக் கிடையாது என்பார்கள். ஒரு காலத்தில் அது சரிதான். 2016-ல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை அறிவித்த பிறகு நிலைமை வேறு. ஒரு நிரல்மொழியை முழுதாக அறிந்த தனி மென்பொருள் பின்னணியில் ஓடுகிறது. எந்த எடிட்டரும் அதனிடம் 'இந்தப் பங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது', 'இந்தப் பெயரை எல்லா இடத்திலும் எப்படி மாற்றுவது' என்று கேட்டுப் பதில் வாங்கலாம். 2021-ல் வெளியான நியோவிம் 0.5 இந்த வசதியைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ரஸ்ட் மொழியில் நிரல் எழுதும்போது இரண்டு எடிட்டருக்கும் பதில் சொல்வது பெரும்பாலும் ரஸ்ட்-அனலைசர் என்ற ஒரே பின்னணி மென்பொருள்தான். விஎஸ் கோடுக்காகப் பிறந்த ஏற்பாடு அதன் போட்டியாளரையும் வளர்த்துவிட்டது. விஎஸ் கோட் குழுவுக்கு இதற்காக நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எனவே மிஞ்சுவது கையின் கேள்வி. விம்மின் முன்னோடியான வி-யை 1976-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த முனையம்) எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. கர்சரை நகர்த்த அந்த நான்கு விசைகள் வந்தது அப்படித்தான். நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளே போகக்கூடிய 300 பாட் மோடம் வழியாக அவர் வேலை செய்தார். அந்த வேகத்தில் ஒவ்வொரு விசைக்கும் மதிப்பு அதிகம். ஆகவே கட்டளைகள் சுருங்கின. இங்கே எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு; கட்டளை நிலையில் எழுத்து விசைகளே கட்டளைகள். 'சி' என்றால் மாற்று, 'டி' என்றால் அழி. பின்னால் விம் சேர்த்தவற்றில் 'ஐ-டபிள்யூ' என்றால் இந்தச் சொல், 'ஏ-பி' என்றால் இந்தப் பத்தி. இவற்றை எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம். மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டுமானால் சி, ஐ, மேற்கோள் குறி என மூன்று தட்டல் போதும். செய்ததை அடுத்த இடத்தில் திரும்பச் செய்ய ஒரு புள்ளி. மோடம் போய்விட்டது, சிக்கனம் நிலைத்துவிட்டது. நாள் முழுக்கப் பழைய நிரலைத் திருத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி எந்த எடிட்டரிலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. தட்டச்சு செய்யும் நேரத்தைவிட, எழுதியதைத் திருத்தும் நேரம்தான் நம் வேலையில் அதிகம்.

விஎஸ் கோடில் இதற்கு இணையாக, ஒரே நேரத்தில் பல இடங்களில் திருத்த உதவும் பல கர்சர்கள் உண்டு. நல்ல வசதிதான், ஆனால் கை அடிக்கடி மவுஸுக்குப் போகும்.

பிழைதிருத்தத்தில் விஎஸ் கோட் தெளிவாக முந்துகிறது. வரியின் ஓரத்தில் ஒரு சொடுக்கு, நிரலின் ஓட்டம் அங்கே நிற்கும், மாறிகளின் மதிப்பு பக்கத்திலேயே தெரியும். நியோவிம்மிலும் இதைச் செய்ய நீட்சி (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) உண்டு. ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் பெரும்பாலும் நாமே லுவா என்ற நிரல்மொழியில் அமைப்பு எழுத வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்து, முதல் வாரத்திலேயே பெரிய நிரல்தொகுப்பைப் புரிந்துகொள்ள வேண்டிய ஒருவரிடம் போய் லுவா அமைப்புக் கோப்பு எழுதச் சொல்வது சரியில்லை. அவர் விஎஸ் கோடைத் திறக்கட்டும். விம் விசைகளை அதற்குள்ளேயே பழகலாம். உண்மையான நியோவிம்மைப் பின்னால் ஓடவைக்கும் நீட்சிகூட இருக்கிறது.

சர்வரில் வேலை என்றால் கதை திரும்புகிறது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையிலேயே வி-க்கு இடம் உண்டு. தொலைக் கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் மூலம் நுழைந்தால் ஏதோவொரு வடிவில் அது பெரும்பாலும் காத்திருக்கும். (ஒரு செயலியை ஓட்டத் தேவையானதை மட்டும் வைத்து மெலிதாக்கப்பட்ட டாக்கர் இமேஜ்களில் அதுவும் பெரும்பாலும் இருக்காது.) விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்எச் மிக வசதியானது என்றாலும், அது தன் சர்வர் பகுதியைத் தொலைக் கணினியில் நிறுவியே இயங்குகிறது. 2024 தொடக்கத்தில் வந்த 1.86 பதிப்பு அதற்கான குறைந்தபட்சத் தேவையை உயர்த்தியதும் உபுண்டு 18.04, சென்ட்ஓஎஸ் 7 போன்ற பழைய சர்வர்களுடன் இணைப்பு அறுந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிக முக்கியமான கேள்வி வருகிறது: கருவியின் கடிவாளம் யார் கையில்? விஎஸ் கோடின் மூல நிரல், எவரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் நாம் தரவிறக்கும் பதிப்பு மைக்ரோசாஃப்டின் தனி உரிமத்தில், பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் ஏற்பாட்டோடு வருகிறது. பைத்தானுக்கான பைலான்ஸ், ரிமோட் எஸ்எஸ்எச் போன்ற முக்கிய நீட்சிகளை, அதே மூல நிரலிலிருந்து மற்றவர்கள் உருவாக்கும் விஎஸ்கோடியம் போன்ற சுதந்திரப் பதிப்புகளில் பயன்படுத்த உரிமம் இடம் தராது. கிட்ஹப் உருவாக்கிய ஆட்டம் என்ற எடிட்டரின் முடிவும் நினைவிருக்கிறது. விஎஸ் கோட் நிற்கும் எலக்ட்ரான் தளமே ஆட்டம் எடிட்டருக்காக உருவானது. கிட்ஹப்பை 2018-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதைப் பழகியிருந்தவர்கள் வேறு எடிட்டர் தேட வேண்டியதாயிற்று.

விம்மை உருவாக்கிய பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் காலமானார். மென்பொருளுக்கு அவர் விலை கேட்கவில்லை. விருப்பமிருந்தால் உகாண்டாவின் கிபாலேயில் உள்ள குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். அவர் மறைந்த பிறகும் தன்னார்வலர்கள் பணியைத் தொடர்ந்து, 2024 ஜனவரியில் 9.1 பதிப்பை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டார்கள். ஒரு தனி மனிதரோ நிறுவனமோ விலகினாலும் நின்றுவிடாத கருவியில்தான் என் உழைப்பைப் போட விரும்புகிறேன்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் சம அகலக் கட்டத்தில் வைக்கப் பார்க்கிறது. அதனால் பல டெர்மினல்களில் 'கொ', 'கௌ' போன்றவை பிரிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தெரிகின்றன. குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியத்தை எலக்ட்ரான் வழியாகப் பயன்படுத்தும் விஎஸ் கோட் இவற்றைச் சரியாகக் காட்டுகிறது. தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது, கட்டளை நிலைக்குப் போக எஸ்கேப் அடித்தாலும் தொல்லைதான்: விம்முக்குக் கட்டளைக்குப் பதில் தமிழ் எழுத்து போய்ச் சேரும். இதற்கு விம்மிலேயே தீர்வு உண்டு. 'கீமேப்' என்ற அமைப்பில் தமிழ்99 வரிசையை எழுதிவைத்தால், எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும். கட்டளை நிலையில் விசைகள் ஆங்கிலமாகவே இருக்கும். ஆனால் திரையில் சிதைவதற்கு அது மருந்தில்லை. எனவே நிரலுக்கு நியோவிம்மும், தமிழ் ஆவணங்களுக்கும் மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கும் விஎஸ் கோடும் வைத்திருக்கிறேன்.