நியூட்டன் தேனீப் பெட்டி: பூசணித் தோட்டத்தில் ஓராண்டு

எங்கள் 60 சென்ட் காய்கறித் தோட்டத்திற்காக, குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பாளர் ஒருவரிடம் சென்ற ஆண்டு தை மாதத்தில் இரண்டு நியூட்டன் பெட்டிகளைத் தேனீக் குடும்பங்களோடு வாங்கினேன். தேன் என் நோக்கமன்று. பூசணியும் வெள்ளரியும் பாகலும் நிறையப் பூத்தும், பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்துகொண்டே இருந்தன; அதற்குத் தீர்வு தேடியே வாங்கினேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் என்ற பாதிரியார், நம் அடுக்குத் தேனீயின் (இந்தியத் தேனீயின்) சிறிய உடலுக்கு ஏற்பத் தென்னிந்தியாவில் வடிவமைத்த பெட்டி இது. அடிப்பலகை, தேனீக்கள் மெழுகு அடை கட்டுவதற்கான ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை, மூடி ஆகிய அனைத்தையும் தனித்தனியே கழற்றலாம். இதன் நுட்பம் முழுவதும் சட்டங்களுக்கு இடையே விடும் வழியில்தான் இருக்கிறது: வழி அகன்றால் தேனீக்கள் அங்கே குறுக்கு அடை கட்டிவிடும், குறுகினால் அவற்றால் நடமாட முடியாது. எனக்கு வந்த பெட்டிகளில் ஒன்று அளவு பிசகாமல் இருந்தது. மற்றொன்றில் கடைசிச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடம் இருந்ததால், அங்கே கட்டிய அடை நான் சட்டத்தைத் தூக்கியபோது புழுக்களோடு பிய்ந்து விழுந்தது. படம் அனுப்பிய மூன்றாம் நாளே விற்றவர் வேறு பெட்டி கொண்டுவந்து, குடும்பத்தைத் தாமே மாற்றிக் கொடுத்தார். அந்த அக்கறையை மனதாரப் பாராட்டுகிறேன்.

பெட்டிகளை நிழலில் வைத்ததும், எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தியதும் அவரே. ஆனால் காய்ப்பிடிப்பைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் தேன் மகசூலைப் பற்றியே பேசினார். அதற்குக் காரணம் உண்டு. குமரி மாவட்டத்தில் பெட்டித் தேனின் பெரும்பகுதி ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. அந்தத் தேனுக்கான இனிப்புச் சாறு பூவில் அன்று, துளிர் இலைக் காம்பின் நுனியில் சுரப்பது. ஆகவே அங்கே தேன் நிரம்புவதும் மகரந்தச் சேர்க்கை நடப்பதும் வெவ்வேறு செய்திகள். விற்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தோட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டும் என்பதே என் முதன்மையான கருத்து.

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. காற்று அதைச் சுமக்காது. விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் கூம்பிவிடுவதால், அந்தச் சில மணி நேரத்திற்குள் போதிய மகரந்தம் பெண் பூவின் நடுவிலுள்ள சூலக முடியைச் சேராவிட்டால் பிஞ்சு உதிரும், அல்லது ஒருபுறம் சூம்பிக் கோணலாக வளரும். ஒரு முறை கூட்டைவிட்டுப் புறப்படும் தேனீ பெரும்பாலும் ஒரே இனப் பூக்களையே நாடிச் செல்லும். அதன் உடல் மயிரில் ஒட்டிய தூள் அதே இனத்தின் பெண் பூவில் படிவது அதனால்தான். நல்ல பூவிடத்தைக் கண்ட தேனீ, அதன் திசையையும் தொலைவையும் அடையின்மேல் ஆடியே மற்றவற்றுக்குச் சொல்கிறது. இந்த ஆட்டத்தின் பொருளை விளக்கிய விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெட்டிகள் வந்த பிறகு பூசணியிலும் வெள்ளரியிலும் கோணல் காய்கள் கண்கூடாகக் குறைந்தன. அந்த ஆண்டு மழையும் நன்றாகவே பெய்தது என்பதால், முழுப் பெருமையையும் தேனீக்களுக்கே கொடுப்பது முறையாகாது.

இந்தப் பெட்டியால் ஆகாதவையும் உண்டு. தக்காளி, கத்தரிப் பூக்களின் மகரந்தத்தை அதிர்வால் உதிர்க்க வேண்டும்; அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, மரத்தைத் துளைத்து வாழும் கருநிறத் தச்சுத் தேனீக்குத் தெரியும். அதற்காக வேலியோரத்தில் பட்ட மரத்துண்டுகளை அப்படியே விட்டிருக்கிறேன். சுரைப் பூ அந்தியில் விரிவதால், அதற்கு அந்துப்பூச்சிகளே துணை.

பராமரிப்பும் எளிதன்று. மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். மெழுகு அந்துப்பூச்சி புகாதபடி வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒருநாள் காலையில் நான் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்து பார்த்தபோது, பெட்டியின் வாயிலடியில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. பூ கூம்பிய பிறகு மாலையில்தான் தெளிக்க வேண்டும் என்ற ஒரு வரியாவது பெட்டியோடு எழுதித் தரப்பட்டிருக்க வேண்டும்.

வாங்கும்போது விலையைவிடக் குடும்பத்தின் நலனைப் பாருங்கள். 1991இல் தொடங்கிய தாய்லாந்து சாக்புரூட் என்ற, புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் தென்னிந்திய அடுக்குத் தேனீக்களைப் பேரளவில் அழித்தது. இன்றும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. புழு அறையின் நடுச்சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்: முட்டையும், முத்துப்போல் வெண்மையான புழுவும், அடையின் மூடிய சிற்றறைகளும் இடைவெளியின்றி இருந்தால் ராணி நன்றாக இருக்கிறது. புழு நீர் கோத்த பைபோல் தொங்கினால் அந்தக் குடும்பத்தை வாங்காதீர்கள்.