உப்புப் போட்டதும் வெளுத்த சாயம்: நானோ வெள்ளி சொட்டு மருந்து

பொருட்காட்சிக்குப் போன அத்தை அப்பளக்கட்டோடு 480 ரூபாய்க்கு ஒரு பாட்டிலும் வாங்கி வந்தார். 100 மில்லி. ‘வேப்பிலைச் சாற்றில் உருவான நானோ வெள்ளி, 20 பிபிஎம்’ என்று லேபிள். அதாவது கண்ணுக்குத் தெரியாத பொடித் துகளாக வெள்ளி, பத்து லட்சம் பங்குக்கு 20 பங்கு. சர்க்கரை, மூட்டுவலி, தோல் நோய் எல்லாவற்றுக்கும் தினம் 2 ஸ்பூனாம். “நீ காலேஜ்ல இதத்தானேடி பண்ற? நல்லதுன்னு சொல்லு, குடிச்சிடறேன்” என்றார்.

3 வருஷமாக இதைத்தான் பண்ணுகிறேன். அதனால்தான் ஸ்பூனில் ஊற்றியதுமே சந்தேகம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பின் கரைசலில் வேப்பிலைக் கஷாயத்தை விட்டால் முதலில் மஞ்சளாகும், பிறகு டிகாஷன் நிறத்துக்குப் போகும். இலையில் உள்ள பாலிஃபீனால் போன்ற சரக்குகள் வெள்ளி அயனியைத் துகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் போர்த்தியும் விடுகின்றன. அந்தத் துகள்கள் 420 நானோமீட்டரை ஒட்டிய ஊதா-நீல ஒளியை விழுங்குவதால் வருகிற நிறம் அது. 20 பிபிஎம் இருந்தால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் போகாது.

கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, உப்புத் தண்ணீர் சில சொட்டு விட்டேன். அரிசி களைந்த தண்ணீர் போல லேசாகக் கலங்கியது. வெறும் ஆர்ஓ தண்ணீரில் அதே உப்பை விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. ஆக, கலங்கியது சில்வர் குளோரைடு. உள்ளே இருப்பது கரைந்த வெள்ளி உப்பு, நானோ துகள் இல்லை. ஜன்னலோர வெயிலில் வைத்ததில் சாயங்காலம் அடியில் சாம்பல் நிறம் படிந்திருந்தது. லேபில் சில்வர் நைட்ரேட் பட்டு என் விரல் நுனியில் போகாமல் நிற்கும் கறுப்புக் கறைக்கு இது பங்காளி.

லேபிளில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். “உள்ளே போனதும் நானோ ஆயிடும் மேடம்” என்றார்கள்!

வேப்பிலை விஷயம் புருடா இல்லை. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு 2004-லேயே வேப்பிலைச் சாற்றில் வெள்ளி, தங்கத் துகள்கள் செய்து காட்டியது. தீக்காயத்துக்கு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பையும் டாக்டர்கள் தருகிறார்கள். ஆனால் அது மேலே தடவ. வெள்ளியைத் தினமும் குடித்தால் தோல் நீலச் சாம்பலாகிவிடலாம், ஆர்ஜிரியா என்று பெயர். வந்தால் அனேகமாகப் போகாது. இப்படிக் கடையில் விற்கும் வெள்ளிக் கரைசல்களைப் பாதுகாப்பானதாகவோ பலனுள்ளதாகவோ ஏற்க முடியாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-லேயே சொல்லிவிட்டது.

அத்தை குடிக்கவில்லை. 480 ரூபாயை மட்டும் தினமும் ஒருதரம் சொல்லிக் காட்டுகிறார். பழுப்புக் கண்ணாடி பாட்டிலும் ரப்பர் சொட்டுக்குழாயும் தரமானவை, கழுவி லேபுக்கு எடுத்துப் போய்விட்டேன். அதற்காக 1 நட்சத்திரம்.